ஊழியப் பயிற்சி தொடங்குகிறவர்கள் எந்த விழுமியங்களை எழுதிவைக்க வேண்டும்?

கேள்வி இது: எங்கள் பகுதியில் சில சபைகள் சேர்ந்து இரண்டு ஆண்டு ஊழியப் பயிற்சி தொடங்குகிறோம். முதல் அணியில் 15 பேர். வழிகாட்டும் விழுமியங்கள் என்று எதை எழுதுவது, அவை ஏட்டோடு நின்றுவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

எந்த வேதாகமக் கல்லூரியின் கையேட்டைத் திறந்தாலும் முதல் பக்கத்தில் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் இருக்கும்: தாழ்மை, பரிசுத்தம், உண்மை, ஐக்கியம், ஆத்தும பாரம். ஒருவரும் மறுக்க மாட்டார்கள். மறுக்க ஆளில்லாத வாசகத்தால் எதையும் தீர்மானிக்கவும் முடியாது. ஒரு விழுமியம் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கேள்வி போதும்: இதற்காக நாம் எதை இழக்கிறோம்? யாரைச் சேர்க்காமல் விடுகிறோம், எந்த வகுப்பைக் குறைக்கிறோம், எந்தப் பணத்தை வேண்டாம் என்கிறோம், யாருக்குச் சான்றிதழ் தராமல் அனுப்புகிறோம்? பதில் இல்லையென்றால் அந்த வரியை அடித்துவிடுங்கள். ஐந்தோ ஆறோ எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும் அது சேர்க்கையில், கால அட்டவணையில், மதிப்பீட்டில், கணக்கில் எங்கே தெரியும் என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரியை எழுத முடியாத விழுமியம் இன்னும் பழுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

புதிதாகக் கண்டுபிடிக்கத் தேவையில்லை, முன்னோர் யோசித்தது நிறைய இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை 1563-இல் திரெந்து பொதுச்சங்கத்தில் மறைமாவட்டந்தோறும் குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடம் வேண்டும் என்று தீர்மானித்தது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1992-இல் ஓர் ஆவணத்தில் குருத்துவ உருவாக்கத்துக்கு நான்கு தூண்களை வகுத்தார்: மனித உருவாக்கம், ஆன்மிகம், அறிவு, மேய்ப்புப் பணி. இதில் கவனிக்க வேண்டியது, மனித உருவாக்கத்தை மற்ற மூன்றுக்கும் அடித்தளமாக வைத்தது. கோபத்தை அடக்கத் தெரியாதவருக்குக் கிரேக்க இலக்கணம் சொல்லிக்கொடுத்து என்ன பயன் என்பதுதான் அதன் சாரம். இவாஞ்சலிக்கல் பக்கத்தில், இறையியல் கல்வியைப் புதுப்பிப்பது பற்றி 1983-இல் ஒரு சர்வதேச அறிக்கை வந்தது. அதில் பன்னிரண்டு அம்சங்கள்: சூழலுக்கேற்ற கல்வி, சபையை நோக்கிய திசை, தொடர் மதிப்பீடு, கூட்டு வாழ்க்கை, பணிவிடை மனம் என்று போகும். திருத்தந்தையின் ஆவணம், இந்த அறிக்கை இரண்டையும் ஒருமுறை வாசித்துவிட்டு மூடிவையுங்கள். அப்படியே எடுத்து ஒட்டினால் உங்கள் ஊர் வாசனை அதில் இருக்காது.

நம் மண்ணிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். உள்ளூர் உபதேசியார்களை உருவாக்க 1716-இல் அங்கே ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கியது. ஆனால் முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் அபிஷேகம் பெற்றது 1733-இல். அவர் ஞானஸ்நானம் பெற்றது 1718-இல். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் உபதேசியாராக ஊர் ஊராக வேலை செய்தார். வேலையில் சோதித்துப் பார்த்த பிறகே பொறுப்பு என்பது நல்ல பாடம். அந்நியர் வந்து 27 ஆண்டுகள் ஆகும்வரை ஒரு தமிழரைக்கூடப் போதகர் பொறுப்பில் வைக்கவில்லை என்பது கெட்ட பாடம். சோதிப்பதும் தாமதிப்பதும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். சோதனைக்கு முடிவுத் தேதி உண்டு என்பதுதான் வித்தியாசம். உங்கள் மையத்திலும் தகுதிகாண் காலம் எப்போது முடியும், யார் தீர்மானிப்பார் என்பதைத் தேதி போட்டு எழுதுங்கள்.

சேர்க்கையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கேதான் விதைக்கப்படுகிறது. 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தில் கண்காணிக்கு, அதாவது சபையை மேற்பார்க்கும் தலைவருக்கு, சொல்லப்பட்ட தகுதிகளை எண்ணிப் பாருங்கள். போதகசமர்த்தனாயிருக்க வேண்டும் என்ற ஒன்றுதான் வகுப்பறையில் கற்றுக்கொடுக்கக்கூடிய திறமை. மற்றவை குணமும் குடும்பமும் பணமும் பற்றியவை. நம் விண்ணப்பப் படிவமோ தலைகீழாக இருக்கிறது: பத்தாம் வகுப்பு மதிப்பெண், சாட்சிக் கட்டுரை ஒரு பக்கம், போதகரின் பரிந்துரைக் கடிதம். போதகர் கடிதத்தை மட்டும் நம்பாதீர்கள். சபையில் தொந்தரவாக இருக்கும் பையனை நல்வார்த்தை எழுதி வெளியே அனுப்பிவிடுவது நடப்பதுதான். மூன்று சாட்சிகள் கேளுங்கள்: சொந்தப் போதகர், வேலை கொடுத்தவர் அல்லது பள்ளி, கல்லூரி ஆசிரியர், அத்துடன் கிறிஸ்தவரல்லாத ஒரு அண்டைவீட்டார் அல்லது கடைக்காரர். புறம்பானவர்களால் நற்சாட்சி பெற்றிருக்க வேண்டும் என்று அதே அதிகாரம் 7-ஆம் வசனம் சொல்வது இதைத்தான். கடிதம் வேண்டாம், தொலைபேசியில் பத்து நிமிடம் பேசுங்கள். "இவரிடம் கடன் கொடுப்பீர்களா?" என்று கேட்டால் கடிதத்தில் வராத பதில் வரும்.

நம் குடும்பங்களில் "பிறக்குமுன்னே ஊழியத்துக்கு ஒப்புக்கொடுத்த பிள்ளை" என்று ஒரு வழக்கு உண்டு. பெற்றோரின் பொருத்தனை மரியாதைக்குரியது, ஆனால் அது பிள்ளையின் அழைப்பு ஆகாது. நேர்காணலில் பெற்றோரை வெளியே உட்காரவைத்து, "அப்பா அம்மா சம்மதித்தால் வேறு எந்த வேலைக்குப் போவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் உடனே, ஆசையோடு வந்தால் ஒரு வருடம் கழித்து வரச் சொல்லுங்கள். வேலை கிடைக்காததால் வருகிறவர், அரியர் வைத்துப் படிப்பை விட்டவர், காதல் தோல்விக்குப் பிறகு வருகிறவர் ஆகியோரையும் கதவடைத்து அனுப்ப வேண்டாம். ஆறு மாதம் சொந்த ஊரில் ஞாயிறு பள்ளியோ நோயாளி சந்திப்போ ஒழுங்காகச் செய்துவிட்டு வரச் சொன்னால் போதும். பாதிப்பேர் திரும்பி வரமாட்டார்கள், வருகிறவர் நிலைப்பார். மணமானவர் என்றால் மனைவியையோ கணவரையோ தனியாகச் சந்தித்துப் பேசுங்கள். மாத வருமானம், வட்டிக்கடன், நகைக்கடன் பற்றி வெளிப்படையாகக் கேளுங்கள். கடன் இருப்பது தகுதிக்குறைவு அல்ல. அதை மறைப்பதுதான் பின்னால் காணிக்கைப் பெட்டிவரை இழுத்துக்கொண்டு போகும்.

அடுத்தது நேரம். ஒரு மையம் எதை மதிக்கிறது என்பது வாராந்தர அட்டவணையில் அப்பட்டமாகத் தெரியும். ஆறு நாள் வாரத்துக்கு நான் சொல்லும் பங்கீடு: வகுப்பு 16 மணி, தனி வாசிப்பும் எழுத்தும் 14 மணி, களப்பணி 10 மணி, சிறு குழுவில் களப்பணியை அலசுவது 2 மணி, சமையல், துப்புரவு, தோட்டம் போன்ற உடலுழைப்பு 5 மணி. ஆக 47. ஜெப வேளைகளை இதில் சேர்க்கவில்லை, அவற்றை மணிக்கணக்காக்கினால் வருகைப்பதிவுக்காக முழங்கால்படியிடுவார்கள். ஏழாம் நாள் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை களப்பணி இருப்பதால் ஓய்வைத் திங்கட்கிழமைக்கு வையுங்கள், அன்று எந்தக் கூட்டமும் கூடாது.

இந்தப் பங்கீட்டை முதலில் உடைப்பது ஆசிரியர்கள்தான். ஒவ்வொருவரும் தம் பாடத்துக்கு இன்னும் இரண்டு மணி கேட்பார்கள். 16 என்பது மூன்று மாதத்தில் 25 ஆகிவிடும், குறைவது வாசிப்பும் அலசலும். வாசிப்பு நேரம் போனால் பயிலுநர் குறிப்பேட்டை மனப்பாடம் செய்வார். அலசல் போனால் களப்பணி வெறும் ஓட்டமாகிவிடும். புதிய பாடம் ஒன்று நுழைய வேண்டுமானால் பழைய பாடம் ஒன்று வெளியேற வேண்டும் என்பதை விதியாகவே எழுதிவிடுங்கள்.

வகுப்பும் களமும் எப்படி இணைய வேண்டும் என்பதற்கு 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்வியாளர்கள் டெட் வார்டும் சாமுவேல் ரோவனும் ஒரு மரவேலிப் படம் சொன்னார்கள். மேல்சட்டம் அறிவு, கீழ்ச்சட்டம் கள அனுபவம், இரண்டையும் பிடித்து நிறுத்தும் கம்பங்கள் இடையிடையே கூடிப் பேசும் கருத்தரங்குகள். கம்பம் இல்லாவிட்டால் சட்டங்கள் தரையில் கிடக்கும். இந்தப் படம் பிறந்த பின்னணியும் உங்களுக்குப் பயன்படும். குவாத்தமாலாவின் பிரஸ்பிட்டேரியன் செமினரி 1963-இல் ஒரு கசப்பான உண்மையை எதிர்கொண்டது. தங்கிப் படிக்க வந்த இளைஞர்களில் பெரும்பாலோர் கிராம ஊழியத்தில் நிலைக்கவில்லை. கிராமச் சபைகளை உண்மையில் நடத்தியவர்கள் குடும்பமும் நிலமும் உள்ள மூத்தவர்கள். அவர்களால் வீட்டை விட்டு வர முடியாது. ரால்ஃப் விண்ட்டர், ஜேம்ஸ் எமரி, ராஸ் கின்ஸ்லர் ஆகிய மிஷனெரிகள் கல்லூரியை அவர்கள் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். வீட்டில் படிப்பு, வாரந்தோறும் அருகிலுள்ள மையத்தில் சந்திப்பு. இந்தியாவில் இதே முறையில் பெங்களூரில் டாஃப்டீ என்ற இறையியல் விரிவாக்கக் கல்விச் சங்கம் 1971-இல் தொடங்கியது. உங்கள் 15 பேரில் விவசாயியோ ஆட்டோ ஓட்டுநரோ அங்கன்வாடிப் பணியாளரோ இருந்தால், விடுதி வாழ்க்கையைக் கட்டாயமாக்குமுன் இதை யோசியுங்கள். சபை ஏற்கெனவே தலைவராக ஏற்றுக்கொண்டவரைப் பயிற்றுவிப்பது, பயிற்றுவித்த ஒருவருக்குச் சபை தேடுவதைவிடச் சுலபம். ஆனால் விரிவாக்கக் கல்வியில் உடன்வாழ்க்கை கிடைக்காது. மாதம் ஒருமுறை இரண்டு இரவு சேர்ந்து தங்கும் முகாம் வைத்தால் அந்தக் குறை ஓரளவு தீரும்.

களப்பணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பல மையங்களில் களப்பணி என்பது ஞாயிறு காலை ஒரு சபைக்குப் போய் ஜெபம் செய்து, பாட்டுப் பாடி, மதியச் சாப்பாடு முடித்துத் திரும்புவது. வாரந்தோறும் வேறு சபை என்றால் இன்னும் மோசம், ஒருவரையும் இரண்டாம் முறை சந்திக்காமலே இரண்டு ஆண்டு முடிந்துவிடும். ஒரு பயிலுநருக்கு ஓர் ஆண்டுக்கு ஒரே இடம், குறைந்தது பத்து மாதம். முதல் ஆண்டு மருத்துவமனை வார்டும் வீடு சந்திப்பும், இரண்டாம் ஆண்டு ஒரு சபையின் முழு வாழ்க்கை: அடக்க ஆராதனை, திருமண ஆயத்தம், சேகரக் கமிட்டிக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்து கேட்பது உட்பட. சொந்த ஊர், உறவினர் நிறைந்த சபை, சொந்தச் சாதியார் மட்டும் உள்ள சபை ஆகியவற்றுக்கு அனுப்பாதீர்கள்.

அங்கே மேற்பார்வை செய்யும் போதகருக்கும் ஒரு நாள் பயிற்சி தேவை. இல்லையென்றால் இரண்டில் ஒன்று நடக்கும். பயிலுநரை மைக் செட் தூக்கவும் கார் ஓட்டவும் கன்வென்ஷன் நோட்டீஸ் ஒட்டவும் பயன்படுத்துவார், அல்லது ஒவ்வொரு ஞாயிறும் பிரசங்க மேடையைக் கொடுத்துவிட்டு வெளியூர் போய்விடுவார். ஒரு பக்க ஒப்பந்தம் எழுதுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி, என்னென்ன பணி, மாதம் எத்தனை பிரசங்கம் (இரண்டு மட்டும் போதும்), பயணச் செலவு யாருடையது, இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் இருவரும் உட்கார்ந்து பேசும் நாள் எது. மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளி (வி.பி.எஸ்.) பத்து நாளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலசலுக்குச் சிறந்த கருவி உரையாடல் பதிவு. அமெரிக்காவில் ஆண்டன் பாய்சன் என்ற போதகர் 1925-இல் உஸ்டர் மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களை நோயாளிகளிடம் அழைத்துப்போய்த் தொடங்கிய மருத்துவமனைப் பயிற்சியிலிருந்து வளர்ந்த முறை இது. அங்கே ஓர் அலகுப் பயிற்சி 400 மணி. நமக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு பருவத்துக்குப் பயிலுநர் ஒருவர் மூன்று பதிவு எழுதினால் போதும். முறை இப்படி: சந்திப்பு முடிந்த அன்றே, நினைவிலிருந்து, பேசியதை வரிக்கு வரி எண்ணிட்டு எழுத வேண்டும். மௌனத்தையும் அழுகையையும் அடைப்புக்குறிக்குள் குறிக்க வேண்டும். பிறகு மூன்று சிறு பத்திகள்: அந்த நேரம் எனக்குள் என்ன ஓடியது, அவர் உண்மையில் என்ன கேட்டார், வேதாகமம் இந்த இடத்தில் என்ன பேசுகிறது. பெயர், ஊர், படுக்கை எண் மூன்றையும் மாற்றிவிட வேண்டும். ஐந்தாறு பேர் கொண்ட குழுவில் ஒரு பதிவுக்கு 45 நிமிடம்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவையே. பயிலுநர் தன்னை நாயகனாக்கி எழுதுவார். ஒவ்வொரு பதிவும் நோயாளி கண்ணீரோடு நன்றி சொல்வதில் முடிந்தால் சந்தேகப்படுங்கள். குழுவை நடத்துபவர் கேள்வி கேட்பதை விட்டு அரை மணி நேரம் பிரசங்கம் செய்வார். எல்லாவற்றிலும் ஆபத்தானது, அங்கே கேட்டது மறுநாள் உபவாசக் கூட்டத்தில் "ஜெபக் குறிப்பாக" வெளியே போவது. நம் சபைகளில் வம்பு பரவும் பாதை பெரும்பாலும் ஜெபக் குறிப்புதான். ஒருமுறை வெளியே சொன்னால் எச்சரிக்கை, இரண்டாம் முறை களப்பணியிலிருந்து நீக்கம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பிரசங்கப் பயிற்சிக்கு ஒரு சிறிய ஏற்பாடு. இருபது நிமிடப் பிரசங்கம் முடிந்ததும் சபையில் மூன்று பேரிடம், அதில் ஒருவர் அதிகம் படிக்காத முதியவர், ஒருவர் பதினைந்து வயதுக்குட்பட்டவர், "இன்றைக்கு என்ன கேட்டீர்கள், ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள்" என்று எழுதி வாங்குங்கள். மூன்றும் மூன்று திசையில் போனால் பிரசங்கத்துக்கு மையம் இல்லை. யூடியூபில் கேட்ட பிரசங்கத்தை அப்படியே ஒப்பிப்பது இப்போது பெரிய நோய். தடை போட்டால் ஒளித்துச் செய்வார்கள். எங்கிருந்து எடுத்தோம் என்பதைக் குறிப்பேட்டின் தலைப்பில் எழுதும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள், எடுத்ததற்குத் தண்டனை இல்லை, மறைத்ததற்கு உண்டு.

சமத்துவம் என்று எழுதாத கையேடு இல்லை, சாதி பார்க்காத விடுதி அரிது. கல்லறைத் தோட்டத்துக்குள்ளேயே சுவர் எழுப்பிய ஊர்கள் உள்ள மாநிலத்தில் இந்த ஒரு விழுமியத்தை மட்டும் அன்பு, ஐக்கியம் என்ற பொதுவான சொற்களால் மூடிவைக்கக் கூடாது. சாதி என்ற சொல்லையே எழுதுங்கள். மதுரை அரசரடியில் 1969-இல் உருவான தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்த, பரட்டை என்று அறியப்பட்ட தியோபிலஸ் அப்பாவு "ஒரே உலை" என்ற சிந்தனையை முன்வைத்தார். ஒரே பானையில் சமைத்துச் சேர்ந்து உண்பதுதான் கடவுளின் குடும்பம் என்பதை நாட்டுப்புறப் பாட்டாகவும் வழிபாடாகவும் ஆக்கினார். திருநெல்வேலிப் பக்கத்து அசனப் பண்டிகையில் ஊரே பந்தியில் உட்காருகிறதே, அதை வருடத்தில் 365 நாளும் மெஸ்ஸில் கடைப்பிடிப்பது என்று சொல்லலாம்.

நடைமுறையில்: அறை ஒதுக்கீடு குலுக்கல் முறையில், பருவத்துக்கு ஒருமுறை மாற்றம். கழிப்பறை கழுவும் முறைப்பட்டியலில் மையத்தின் முதல்வர் பெயரும் இருக்கும், முதல் வாரமே. சமையலறைக்குள் யார் வரலாம் என்பதில் எழுதப்படாத விதி ஏதும் இருக்கிறதா என்று சமையல்காரரிடம் நேரடியாகக் கேளுங்கள். சாதிப் பெயர் சொல்லிப் பேசினால், வேடிக்கையாகவே இருந்தாலும், அது ஒழுக்க மதிப்பீட்டில் பதிவாகும். பட்டியலின மாணவரைச் சேரிக்கும், மற்றவரை நகரச் சபைக்கும் களப்பணிக்கு அனுப்பும் பழக்கம் இருந்தால் அதை மாற்றிப் போடுங்கள். இதில் எதிர்ப்பு பயிலுநரிடமிருந்து வருவதைவிட நன்கொடையாளரிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும்தான் அதிகம் வரும். இந்த விழுமியத்துக்கு விலை கொடுக்க வேண்டிய இடம் அது.

பெண்களைப் பற்றிச் சுருக்கமாக: உங்கள் சபைகள் பெண்களுக்கு அபிஷேகம் செய்வதா இல்லையா என்பது உங்கள் முடிவு. தென்னிந்தியத் திருச்சபை 2013-இல் ஒரு பெண் பேராயரையே அபிஷேகம் செய்துவிட்டது. ஆனால் பெண்களைச் சேர்த்துக்கொண்டால் ஆண்களுக்குள்ள அதே களப்பணி, அதே பிரசங்க வாய்ப்பு, அதே மதிப்பீடு. ஞாயிறு பள்ளிக்கும் பூ அலங்காரத்துக்கும் மட்டும் அனுப்புவதானால் சேர்க்காமலிருப்பதே நேர்மை.

பணத்துக்கு வருவோம். எருசலேம் ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோக பவுல் தனியாகப் போகவில்லை, சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் சேர்த்துக்கொண்டார், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாக நடக்க வேண்டும் என்று காரணமும் சொன்னார் (2 கொரிந்தியர் 8). உங்கள் விதிகள் இதிலிருந்தே பிறக்கும். காணிக்கையை எப்போதும் இருவர் எண்ணிக் கையெழுத்திட வேண்டும், அந்த இருவரும் உறவினராக இருக்கக் கூடாது. அடுத்த வங்கி நாளிலேயே கணக்கில் கட்ட வேண்டும். பயிலுநர் தன் சொந்தக் கூகுள் பே எண்ணுக்கு ஊழியப் பணம் எதையும் வாங்கக் கூடாது. இப்போது பெரும்பாலான சறுக்கல்கள் தொடங்குவது அந்தக் கியூஆர் அட்டையில்தான். வீடு சந்திப்பில் யாராவது அன்பாகக் கவர் கொடுத்தால் வாங்கிக்கொள்ளட்டும், 500 ரூபாய்க்கு மேல் இருந்தால் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லட்டும். மையத்தின் வருடாந்தர வரவு செலவைப் பயிலுநர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆசிரியர் சம்பளம், மெஸ் செலவு, வாகனச் செலவு எல்லாம் தெரியட்டும். தம் கணக்கை மூடிவைக்கும் நிறுவனம் நேர்மையைக் கற்பிக்க முடியாது.

வெளிநாட்டு உதவி வரும் என்றால் சட்டத்தை முன்கூட்டியே படியுங்கள். 2010-ஆம் ஆண்டு அந்நிய நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாயும் வாங்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும், நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, வாங்கிய நிறுவனம் வேறொரு நிறுவனத்துக்கு அதை மாற்றிக் கொடுக்கவும் முடியாது. "எங்களுக்குப் பதிவு இருக்கிறது, உங்களுக்குப் பங்கு தருகிறோம்" என்று யாராவது அன்போடு முன்வந்தால் மறுத்துவிடுங்கள். மாற்று வழி, உள்ளூர் ஆதாரம். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற கொள்கையோடு 1905-இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது அதன் பின்னால் நின்றவர்களில் பின்னாளில் பேராயரான வேதநாயகம் அசரியாவும் ஒருவர். 15 பேருக்கான மெஸ் செலவைப் பங்கேற்கும் சபைகள் அரிசியும் பருப்பும் தேங்காயுமாகக்கூடத் தரலாம். அப்படித் தரும் சபை தன் பயிலுநர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவும் செய்யும்.

பாதுகாப்பு விஷயத்தில் ஆன்மிக மொழி போதாது, சட்ட மொழி வேண்டும். குழந்தைகள்மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் அல்லது நடக்கக்கூடும் என்ற அச்சம் எழுந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறினால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம்வரை சிறை அல்லது அபராதம், தனக்குக் கீழே உள்ளவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டுவரை. "முதலில் கமிட்டி விசாரிக்கட்டும்", "குடும்ப மானம்", "மன்னித்துவிடலாம்" என்ற மூன்றும்தான் வழக்கமாகக் குற்றத்தைப் புதைக்கும் மண்வெட்டிகள். சேர்ந்த முதல் வாரத்திலேயே இதை வகுப்பாக எடுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சுவரில் ஒட்டுங்கள். குழந்தையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, ஆலோசனை கேட்கும் பெண்ணையோ ஆணையோ இரவில் தனியாகச் சந்திக்கக் கூடாது, ஜெபிக்கும்போது தொடுவதானால் கேட்டுவிட்டுத் தொட வேண்டும். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம்: தலைவர் மூத்த பெண் பணியாளர், உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், ஒருவர் வெளியாள். அந்தச் சட்டம் பயிற்சியில் இருப்போரையும் பணியாளராகவே கணக்கிடுகிறது. சின்ன மையம்தானே என்று விடாமல் அப்படி ஒரு குழுவை அமைத்துவிடுங்கள், அந்த வெளியாள் முதல்வரின் நண்பராக இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டில்தான் எல்லா விழுமியமும் கடைசியில் சோதிக்கப்படுகிறது. அறிவு, திறன், குணம் மூன்றையும் தனித்தனியே மதிப்பிடுங்கள், கூட்டிச் சராசரி எடுக்காதீர்கள். எபிரெயத்தில் 90 வாங்கியவர் காணிக்கைக் கணக்கில் பொய் சொன்னால் அந்த 90 அவரைக் காப்பாற்றக் கூடாது. அதேபோல் எல்லோருக்கும் பிடித்த, கண்ணீரோடு ஜெபிக்கும் பயிலுநர், ரோமருக்கு எழுதிய நிருபத்தின் வாதத்தை விளக்கத் தெரியாமல் தேறக் கூடாது. குணத்துக்கு மதிப்பெண் போட வேண்டாம், போட்டால் நடிப்பு வளரும். அதற்குப் பதில் பருவத்துக்கு ஒருமுறை மேற்பார்வைப் போதகர், விடுதிப் பொறுப்பாளர், உடன் பயிலும் இருவர், சமையல்காரர் ஆகியோர் ஐந்து கேள்விக்கு எழுத்தில் பதில் தரட்டும்: சொன்ன நேரத்துக்கு வருகிறாரா, தவறைச் சுட்டினால் எப்படி எடுத்துக்கொள்கிறார், தனக்கு உதவ முடியாதவரிடம் எப்படிப் பேசுகிறார், பணத்தில் எப்படி, கேட்ட இரகசியத்தைக் காக்கிறாரா. சமையல்காரரின் பதிலை இலேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஐந்து பேரின் பதில்களில் பெரும்பாலும் அதுதான் துல்லியமாக இருக்கும்.

குறை தெரிந்தால் எழுத்தில் சொல்லி மூன்று மாத அவகாசம், பிறகு மறுமதிப்பீடு, மேல்முறையீட்டுக்கு மையத்துக்கு வெளியே ஒருவர். வன்முறை, பாலியல் குற்றம், பண மோசடி மூன்றுக்கும் அவகாசம் இல்லை. இத்தனைக்குப் பிறகும் தேறாதவருக்குச் சான்றிதழ் கொடுப்பதில்தான் நல்ல மனிதர்கள் வழுக்குகிறார்கள்: "ஏழைக் குடும்பம், இரண்டு வருடம் கஷ்டப்பட்டான், வெறுங்கையோடு எப்படி அனுப்புவது?" படித்த பாடங்களுக்கு மதிப்பெண் பட்டியல் கொடுங்கள், ஊழியத்துக்குத் தகுதியானவர் என்ற கடிதத்தைக் கொடுக்காதீர்கள். வேறு வேலைக்கு வழிகாட்ட ஒரு மாதம் அவரோடு நில்லுங்கள், தேவையானால் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர உதவுங்கள். அவரை ஏற்கும் சபை வந்து கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு விதி வேண்டும். சபைப் பொறுப்பு ஏதும் இல்லாத முழுநேர ஆசிரியர் சில ஆண்டுகளில் பிற ஆசிரியர்களுக்காகவே பாடம் எடுக்கத் தொடங்கிவிடுவார். ஒவ்வொருவரும் மாதம் இரண்டு ஞாயிறாவது ஒரே சபையில் பணி செய்யட்டும், அதற்காக வகுப்புச் சுமையைக் குறையுங்கள். தங்கள் உரையாடல் பதிவு ஒன்றையும் வருடத்துக்கு ஒருமுறை பயிலுநர் முன் வைக்கட்டும்.

முதல் அணி வெளியேறிய இரண்டாம் ஆண்டில் 15 பேரையும் அவர்கள் இருக்கும் இடத்திலேயே போய்ப் பாருங்கள், அழைத்துவைத்துக் கூட்டம் போடாதீர்கள். பயிலுநரிடம் கேட்பதற்கு முன் சபையில் மூன்று குடும்பங்களிடம் கேளுங்கள்: வீட்டில் சாவு விழுந்த அன்று போதகர் எப்போது வந்தார், சபைக் கணக்கு யாருக்குத் தெரியும், அவர் இல்லாத ஞாயிறு ஆராதனையை யார் நடத்துகிறார்? மூன்றாவது கேள்விக்குப் பெயர் வரவில்லை என்றால், 2 தீமோத்தேயு 2:2 சொல்லும் மற்றவர்களுக்குப் போதிக்கத்தக்க மனுஷரை அவர் இன்னும் உருவாக்கவில்லை. அப்படி ஐந்து சபைகளில் பெயர் வராவிட்டால் குறை அந்த ஐந்து பேரிடம் இல்லை, உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அடுத்த அணியின் கால அட்டவணையைத் திறந்து, பிறரைப் பயிற்றுவிப்பதற்கு வாரம் எத்தனை மணி வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள்.